மேசையிலிருந்து மையத்திற்கு: நிறுவனக் கணிமையில் மேசைத்தள மெய்நிகராக்கத்தின் வரலாறு (1967–2021)

ஆய்வுச் சுருக்கம்

பணியாளர் ஒருவரின் இயங்குதளம், மென்பொருள்கள், கோப்புகள் ஆகிய அனைத்தையும் தரவு மையத்தில் உள்ள வழங்கியில் இயக்கி, திரைக்காட்சியை மட்டும் அவர் மேசைக்கு அனுப்பும் முறையே மேசைத்தள மெய்நிகராக்கம் எனப்படும். இம்முறையின் அடிப்படைக் கருத்து 1960களிலேயே செயல்வடிவம் பெற்றுவிட்டது. எனினும் நிறுவனங்கள் அதனைப் பரவலாக ஏற்கத் தொடங்கியது 2000களின் பிற்பகுதியில்தான். இவ்விடைவெளிக்குத் தொழில்நுட்பக் குறை ஒன்றே காரணமன்று என்பதும், வட்டு வேகம், உரிம விதி, தரவின் மீதான கட்டுப்பாடு ஆகிய மூன்றுமே ஏற்பின் போக்கைத் தீர்மானித்தன என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகராக்கம், மேசைத்தளம், முனையம், ஹைப்பர்வைசர், உரிமம், சிட்ரிக்ஸ், விஎம்வேர், தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

கணினி வரலாறு பெரும்பாலும் புதுப்புனைவுகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. பெருங்கணினியை அடுத்துத் தனியாள் கணினி, அதனை அடுத்து இணையம், அதனை அடுத்து மேகக் கணிமை என அவ்வரிசை நீளும். மேசைத்தள மெய்நிகராக்கம் இவ்வரிசையில் எளிதில் அடங்குவதில்லை. அது புதியதாக அறிமுகமானபோதே பழையதாக இருந்தது. 2008இல் விற்பனைக்கு வந்தவற்றைக் கண்ட மூத்த கணினியாளர்கள் பலர், தம் இளமைக்காலப் பெருங்கணினி முனையங்களை நினைவுகூர்ந்ததில் வியப்பில்லை. பழைய கருத்து ஒன்று ஏன் மீண்டும் வந்தது, வந்தும் ஏன் தயங்கித் தயங்கியே ஏற்கப்பட்டது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. கேம்பிரிட்ஜில் தோன்றிய முன்வடிவம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில், இராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ முதலியோர் சிபி-40 என்னும் கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கினர். சிஸ்டம்/360 வரிசையின் 40ஆம் மாதிரிக் கணினியில் அது 1967 ஜனவரி முதல் பயன்பாட்டில் இருந்தது. ஒரே கணினியை ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் கணினிகளாக அது பகுத்தளித்தது.

ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் பயனர் கண்டது சிஎம்எஸ் என்னும் இயங்குதளத்தை. ஒருவர் மட்டுமே பயன்படுத்துவதற்காக எழுதப்பட்டது அது. பலர் பகிரும் கணினியில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஒற்றையாள் இயங்குதளம் என்பதே அதன் அமைப்பு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் விண்டோஸ் இயங்குதளத்தைக் கொண்டு உருவான மெய்நிகர் மேசைத்தளமும் இதே அமைப்பை உடையது. சிபி-40இன் வழிவந்த விஎம்/370ஐ 1972 ஆகஸ்டில் ஐபிஎம் வணிக வெளியீடாக அறிவித்தது. ஆகவே, கருத்து நிலையிலும் செயல் நிலையிலும் மேசைத்தள மெய்நிகராக்கம் 1970களின் தொடக்கத்திலேயே நிறைவுற்றிருந்தது எனலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனங்கொள்ள வேண்டும். அன்றைய முனையப் பயனர் எதனையும் இழக்கவில்லை. தமக்கென ஒரு கணினியை அவர் அதற்குமுன் பெற்றிருந்ததில்லை. பிற்காலப் பணியாளரின் நிலை அவ்வாறன்று.

2. தனியாள் கணினியும் அதன் செலவும்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனியாள் கணினி வெளிவந்தது. நிறுவனங்களுள் அது நுழைந்த வழி கவனிக்கத்தக்கது. பெருங்கணினித் துறையின் வரிசையில் காத்திருக்க விரும்பாத கணக்கு, விற்பனைப் பிரிவுகள் தம் துறை நிதியிலிருந்தே அதனை வாங்கின. விரிதாளில் கணக்கிடவும் மடல் தட்டச்சிடவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலை உருவாயிற்று. ‘தனியாள்’ என்னும் அடைமொழி பொருளுடைய சொல்லாயிற்று.

அவ்விடுதலைக்கு ஒரு விலையும் இருந்தது. ஆயிரம் மேசைகளில் ஆயிரம் கணினிகள் இருந்தால், ஆயிரம் இடங்களில் மென்பொருளை நிறுவ வேண்டும். பழுது நீக்க வேண்டும். நச்சுநிரலை அகற்ற வேண்டும். கணினியின் வாங்கு விலை, அதன் வாழ்நாள் செலவில் ஒரு பகுதியே என்னும் உண்மையை ‘உடைமையின் மொத்தச் செலவு’ என்னும் கருத்தாக்கத்தின் மூலம் கார்ட்னர் நிறுவனம் 1987 முதல் பரப்பியது. மேசைக் கணினிக்கு எதிரான முதல் வாதம் இவ்வாறு கணக்கேட்டிலிருந்து பிறந்தது.

1995இல் ஆரக்கிள் நிறுவனத் தலைவர் லாரி எலிசன் வன்தட்டற்ற ‘வலையமைப்புக் கணினி’யை முன்மொழிந்தார். 1996இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாஸ்டேஷனை அறிவித்தது. இரண்டும் நிலைபெறவில்லை. அலுவலகங்கள் அன்றாடம் பயன்படுத்திய விண்டோஸ் மென்பொருள்கள் அவற்றில் இயங்காமையே முதன்மைக் காரணம். விண்டோஸை விலக்கிய மையப்படுத்தல் வெல்லாது என்பதை இத்தோல்வி உணர்த்தியது.

3. பகிர்வு வழி: சிட்ரிக்ஸ்

விண்டோஸையே மையத்திற்குக் கொண்டுசென்ற நிறுவனம் சிட்ரிக்ஸ். ஐபிஎம்மில் பணியாற்றிய எட் ஐகோபூச்சி 1989இல் அதனைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு ஓஎஸ்/2 இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. மைக்ரோசாஃப்ட் ஓஎஸ்/2ஐக் கைவிட்டு விண்டோஸ் பக்கம் திரும்பியதால் அவ்வெளியீடு வலுவிழந்தது. பின்னர் மைக்ரோசாஃப்டிடம் உரிமம் பெற்று, விண்டோஸ் என்டி 3.51இன் மீது உருவாக்கிய வின்ஃபிரேம் 1995இல் வெளிவந்தது. ஒரே விண்டோஸ் வழங்கியில் பலர் ஒரே நேரத்தில் பணியாற்ற அது வழிசெய்தது. ஐசிஏ என்னும் அதன் நெறிமுறை, குறைந்த வேகத் தொலைபேசி இணைப்பிலும் திரைக்காட்சியைக் கொண்டுசேர்த்தது.

1997 பிப்ரவரியில் இதே வசதியைத் தானே உருவாக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும் சிட்ரிக்ஸின் பங்கு விலை சரிந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டன. சிட்ரிக்ஸின் தொழில்நுட்பத்திற்காக 17.5 கோடி டாலர் வரை வழங்க மைக்ரோசாஃப்ட் இசைந்தது. அதன் பயனாக 1998இல் விண்டோஸ் என்டி 4.0 முனைய வழங்கிப் பதிப்பு வெளிவந்தது. இத்துறையின் வளர்ச்சி, இயங்குதள உரிமையாளரின் இசைவைச் சார்ந்தது என்பதை இந்நிகழ்வு முதன்முறையாகத் தெளிவாக்கியது.

பகிர்வு வழிக்கு உள்ளார்ந்த ஓர் எல்லையும் இருந்தது. விண்டோஸ் மென்பொருள்கள் பலவும், கணினியில் ஒருவரே இருப்பார் என்னும் எடுகோளுடன் எழுதப்பட்டவை. பொதுக் கோப்புறையிலும் பொதுப் பதிவேட்டிலும் அவை தம் விருப்பம்போல் எழுதின. ஒருவரின் மென்பொருள் செய்த பிழை, அதே வழங்கியில் இருந்த அனைவரையும் பாதித்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்டோஸ் வேண்டும் என்னும் தேவை இங்கிருந்தே எழுந்தது.

4. எக்ஸ்86 தடையும் அதன் நீக்கமும்

ஒரே வழங்கியில் பல விண்டோஸ்களைத் தனித்தனியே இயக்க மெய்நிகர் கணினி வேண்டும். தனியாள் கணினிகளிலும் அவற்றின் வழிவந்த வழங்கிகளிலும் பயன்பட்ட எக்ஸ்86 நுண்செயலி அதற்கு இடங்கொடுக்கவில்லை. மெய்நிகராக்கத்திற்கு நுண்செயலி நிறைவுசெய்ய வேண்டிய நிபந்தனைகளை ஜெரால்டு போபெக், இராபர்ட் கோல்டுபர்க் ஆகிய இருவரும் 1974இல் வரையறுத்திருந்தனர். கணினியின் நிலையைத் தொடும் ஆணைகள் அனைத்தும் கட்டுப்பாட்டு மென்பொருளின் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே அவற்றின் சாரம். எக்ஸ்86இல் அத்தகைய ஆணைகள் சில, சிறப்புரிமை இல்லாத நிலையில் எவ்வித எச்சரிக்கையும் தராமல் வேறுவிதமாக நடந்துகொண்டன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிஸ்கோ ஆய்வுத்திட்டத்தில் பங்கேற்ற மென்டல் ரோசன்பிளம், எடுவார் புன்யோன் ஆகியோர் டயான் கிரீன் முதலியோருடன் சேர்ந்து 1998இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். தொல்லைதரும் ஆணைகளை இயங்கும்போதே மாற்றியமைக்கும் மொழிமாற்று உத்தியால் அவர்கள் தடையைக் கடந்தனர். 1999இல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனும் 2001இல் வழங்கிகளுக்கான ஈஎஸ்எக்ஸ் ஹைப்பர்வைசரும் வெளிவந்தன. 2005–2006இல் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் நுண்செயலியிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்தன.

ஈஎஸ்எக்ஸ் முதலில் பயன்பட்டது வழங்கிகளை ஒருங்கிணைப்பதற்கே. அதே ஹைப்பர்வைசரின் மீது வழங்கி மென்பொருளுக்கு மாறாகப் பணியாளர்களின் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும் வழக்கம் பின்னர்த் தோன்றியது. 2006இல் விஎம்வேர் அதற்கு ‘மெய்நிகர் மேசைத்தள உள்கட்டமைப்பு’ என்னும் பெயரை முன்வைத்தது. அதன் சுருக்கமான ‘விடிஐ’ துறைச்சொல்லாக நிலைத்தது. 2007இல் சிட்ரிக்ஸ், சென்சோர்ஸ் நிறுவனத்தைச் சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கி ஹைப்பர்வைசரைத் தனதாக்கியது. 2008இல் சிட்ரிக்ஸின் சென்டெஸ்க்டாப்பும் விஎம்வேரின் வியூவும் சந்தையில் எதிரெதிர் நின்றன. கேம்பிரிட்ஜ் முன்வடிவம் மலிவான வன்பொருளில் மீண்டும் உயிர்பெற்றது.

5. இரு தடைகள்: வட்டும் உரிமமும்

ஹைப்பர்வைசர் கிடைத்தபின் ஏற்பு விரைந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமைக்கு இரு காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, வட்டு. மேசைக் கணினியின் வன்தட்டு மெதுவானது. எனினும் அது முழுவதும் ஒருவருக்கே உரியது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு, நொடிக்கு ஏறத்தாழ 75 முதல் 100 முறை படிக்கவோ எழுதவோ வல்லது. ஆயிரம் மேசைகளில் ஆயிரம் வட்டுகள் இருப்பின், நொடிக்குக் குறைந்தது 75,000 செயல்கள் என்னும் ஆற்றல் அலுவலகமெங்கும் பரவிக்கிடக்கிறது. அதே ஆற்றலை மையத்தில் திரட்ட வேண்டுமானால், நொடிக்கு 180 செயல்கள் ஆற்றும் விலையுயர்ந்த 15,000 சுழற்சி வட்டுகள் நானூறுக்கும் மேல் வேண்டும். எல்லாரும் எல்லா நேரமும் முழு ஆற்றலைப் பயன்படுத்துவதில்லை என்னும் நம்பிக்கையில் நிறுவனங்கள் இதனினும் மிகக் குறைவாகவே வாங்கின. காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒருசேரப் பணி தொடங்கியபோது அந்நம்பிக்கை பொய்த்தது. நூற்றுக்கணக்கான விண்டோஸ்கள் ஒரே வட்டுத் தொகுதியில் விழித்தெழும் அந்நிலையைத் துறையினர் ‘தொடக்கப் புயல்’ என்றழைத்தனர். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் எல்லா மேசைத்தளங்களிலும் ஒரே நேரத்தில் சோதனையிட்டபோதும் இதே நெருக்கடி நேர்ந்தது.

ஒரு மூலப் படிமத்தைப் பலர் பகிர்ந்து, வேறுபாடுகளை மட்டும் தனியே சேமிக்கும் உத்தி இட அளவைக் குறைத்தது, வேகக்குறையைத் தீர்க்கவில்லை. 2010களில் ஃபிளாஷ் சேமிப்பகம் மலிவான பின்னரே இச்சிக்கல் தணிந்தது. மேசையில் மறைந்த செலவு மையத்தில் வேறுவடிவில் தோன்றியது என்பதே இதன் பொருள். கணினிக்குச் செலவிட்ட தொகை குறைந்தது. சேமிப்பகம், வலையமைப்பு, உரிமம், வல்லுநர் ஊதியம் ஆகியவற்றுக்கான தொகை உயர்ந்தது.

இரண்டாவது, உரிமம். புதுக் கணினியுடன் வரும் விண்டோஸ் உரிமம் அக்கணினிக்கே உரியது. தரவு மையத்திற்கு அதனை எடுத்துச்செல்ல இயலாது. மெய்நிகர் மேசைத்தளத்திற்கென 2007இல் மைக்ரோசாஃப்ட் தனி உரிமத்தை வகுத்தது. 2010 ஜூலையில் அதன் இடத்தில் வந்த உரிமத்தின் விலை, கருவி ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 டாலர். மென்பொருள் உறுதி ஒப்பந்தத்தின்கீழ் வந்த கணினிகளுக்கு இக்கட்டணம் இல்லை. மெல்லிய முனையங்கள் அவ்வொப்பந்தத்தில் இடம்பெறாமையால் அவற்றுக்கு இது கட்டாயமாயிற்று. விலை குறைவென்று வாங்கப்பட்ட முனையம், மூன்றாண்டுகளில் 300 டாலர் உரிமக் கட்டணத்தைச் சுமந்தது.

உரிமத்தின் வலிமையை அமேசானின் எடுத்துக்காட்டு மேலும் விளக்கும். 2013 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அமேசான் ஒர்க்ஸ்பேசஸ், விண்டோஸ் 7 போன்ற தோற்றத்தையே தந்தது. உள்ளே இயங்கியது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. மேசைக் கணினிக்கான விண்டோஸைப் பொது மேகத்தில் வாடகைக்குவிட உரிமவிதி இடந்தராமையே இவ்வேற்பாட்டிற்குக் காரணம். 2019 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் விர்ச்சுவல் டெஸ்க்டாப் சேவையைத் தொடங்கியபோது, பலர் பகிரும் விண்டோஸ் 10 பதிப்பைத் தன் மேகத்தில் மட்டுமே வழங்கியது. தொழில்நுட்பம் திறந்துவிட்ட கதவை உரிமம் மூடவும் திறக்கவும் வல்லதாயிருந்தது.

6. செலவிலிருந்து கட்டுப்பாட்டிற்கு

இவ்விரு தடைகளும் செலவுச் சிக்கன வாதத்தை வலுவிழக்கச் செய்தன. ஆயினும் மெய்நிகர் மேசைத்தளம் கைவிடப்படவில்லை. அதனைத் தாங்கிநின்றது வேறொரு வாதம்.

2006 மே மாதத்தில் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைப் பணியாளர் ஒருவரின் வீட்டிலிருந்து மடிக்கணினியும் வன்தட்டும் திருடுபோயின. அவற்றில் ஏறத்தாழ 2 கோடியே 65 இலட்சம் பேரின் விவரங்கள் இருந்தன. 2007இல் பிரித்தானிய வருவாய்த் துறை அஞ்சலில் அனுப்பிய இரு குறுவட்டுகள் காணாமற்போயின. அவற்றில் சுமார் 2 கோடியே 50 இலட்சம் பேரின் விவரங்கள் இருந்தன. இந்நிகழ்வுகள் மெய்நிகராக்கத்தை நேரடியாகத் தோற்றுவித்தன எனக் கொள்ள வேண்டியதில்லை. கணினி தொலைவதற்கும் தரவு தொலைவதற்கும் உள்ள பிணைப்பை அவை மேலாண்மையினர்க்கு உணர்த்தின. திரைக்காட்சி மட்டுமே வெளியே செல்லும் முறையில் அப்பிணைப்பு அறுகிறது. மேசைக் கருவி திருடுபோனாலும் அதில் எடுப்பதற்கு ஏதுமில்லை.

இதனால் ஏற்பு எல்லாத் துறைகளிலும் சமமாக நிகழவில்லை. வங்கி, காப்பீடு, மருத்துவமனை, அழைப்பு மையம் ஆகியவற்றில் அது வேரூன்றியது. மருத்துவர் ஓர் அறையில் விட்ட பணியை மற்றோர் அறையில் அடையாள அட்டையைக் காட்டி அவ்வாறே தொடர முடிந்தது பயனருக்குக் கிடைத்த உண்மையான நன்மையாகும். வடிவமைப்பாளர், மென்பொருள் பொறியாளர், அடிக்கடி பயணம் செய்பவர் ஆகியோரிடையே ஏற்பு குறைவாகவே இருந்தது.

பணியாளர் இழந்ததும் உண்டு. பல நிறுவனங்கள் தேர்ந்த ‘நிலையா மேசைத்தள’ முறையில், வெளியேறியவுடன் மேசைத்தளம் மூலநிலைக்குத் திரும்பிவிடும். தனித்துச் சேமிக்க ஏற்பாடு செய்யப்படாத எதுவும் மறுநாள் இராது. தமக்கு உகந்த மென்பொருளை நிறுவும் உரிமையும் இல்லை. 1980களில் பணியாளர் அனுமதியின்றிப் பெற்ற விடுதலை, நிர்வாக வசதியின் பெயரால் திரும்பப் பெறப்பட்டது. பயனர்களின் எதிர்ப்பை அறியாமை என்றோ பழக்கத்தின் பிடிவாதம் என்றோ ஒதுக்குவது முறையாகாது. அவர்கள் இழந்தது மெய்யான ஒன்று.

7. கடல் கடந்த மேசைகள்

இம்மாற்றம் தமிழகத்தையும் தொட்டது. அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் பணிகளைச் சென்னையிலும் பிற இந்திய நகரங்களிலும் உள்ள பணியாளர்கள் மேற்கொண்டபோது, தரவு தம் நாட்டை விட்டு வெளியேறலாகாது என வாடிக்கையாளர்கள் பலர் வலியுறுத்தினர். பணி கடல் கடக்கவும் தரவு கடக்காதிருக்கவும் தொலைத்திரை வழிவகுத்தது.

அதற்கும் ஒரு விலை உண்டு. சென்னைக்கும் நியூயார்க்கிற்கும் இடைப்பட்ட தொலைவு 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே சென்னையில் தட்டிய எழுத்து, நியூயார்க் வழங்கியை அடைந்து திரையில் தோன்ற மிகக் குறைந்தது 0.13 நொடி ஆகும். வளைந்து செல்லும் கடலடிக் கம்பிவடங்களில் இதனினும் மிகுதியாகும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இத்தாமதத்தைத் தாங்குபவர் பணியாளரே. செலவுக் கணக்குகளில் இத்தாமதத்திற்கு இடமில்லை.

2020 மார்ச்சில் இந்தியாவெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அழைப்பு மையப் பணியாளர்கள் வீட்டிலிருந்து பணியாற்றுவதற்கு இருந்த கட்டுப்பாடுகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அம்மாதம் தளர்த்தியது. நவம்பரில் விதிகளையே எளிமையாக்கியது. அலுவலக மேசைக் கணினியை நம்பியிருந்தோர் அதனை வீட்டிற்குச் சுமந்துசெல்ல நேர்ந்தது. மெய்நிகர் மேசைத்தளம் பெற்றிருந்தோர்க்கு வீட்டுக் கணினியும் இணைய இணைப்புமே போதுமானவையாயின. பதினைந்து ஆண்டுகள் செலவு வாதத்தால் முழுதும் நிலைநாட்ட இயலாததை ஒரு நோய்த்தொற்று சில வாரங்களில் நிலைநாட்டியது. 2021 ஆகஸ்டில் மாதக் கட்டண அடிப்படையில் விண்டோஸ் 365 தொடங்கப்பட்டபோது, மேசைக் கணினி உடைமை என்னும் நிலையிலிருந்து வாடகை என்னும் நிலைக்கு வந்துசேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

மேசைத்தள மெய்நிகராக்கத்தின் அடிப்படை அமைப்பு 1967இலேயே செயல்பட்டது. 2000களில் நிகழ்ந்தது அதன் மீள்வருகையே.

எக்ஸ்86 தடை நீங்கிய பின்னும் ஏற்பு தாமதமானதற்கு வட்டு வேகமும் உரிம விதியுமே முதன்மைக் காரணங்கள். இவற்றுள் வட்டுச் சிக்கலைப் பொறியியல் தீர்த்தது. உரிமச் சிக்கல் இயங்குதள உரிமையாளரின் வணிகமுடிவைச் சார்ந்தே நின்றது.

செலவைக் குறைக்கும் என்னும் வாக்குறுதி, செலவை இடமாற்றுவதாகவே பெரிதும் முடிந்தது. நிறுவனங்களை இணங்கவைத்தது தரவின் மீதான கட்டுப்பாடாகும்.

மையத்திற்கும் மேசைக்கும் இடையே கணிமை ஊசலாடுகிறது என்னும் வழக்கமான விளக்கம் இங்குப் போதுமானதன்று. ஊசல் புறப்பட்ட இடத்திற்கே திரும்பும். மெய்நிகர் மேசைத்தளமோ, தனியாள் கணினியின் தோற்றத்தை வைத்துக்கொண்டு அதன் உரிமையை மட்டும் மையத்திற்குக் கொண்டுசென்றது. நிறுவனக் கணிமையின் வரலாற்றை எழுதுவோர், கருவி எங்கே இருக்கிறது என்பதோடு அதன் மீது யார் ஆணை செல்கிறது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.